வாடத் தெரிந்த தாவரம்

கோடைகாலம் முழுவதும் மதிற்சுவரின் மேல் கறுத்துச் சுருண்டு, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்துவிடும் நிலையில் கிடக்கிற பாசி, முதல் மழை பெய்த சில நிமிஷங்களுக்குள் இலை விரித்துப் பச்சை நிறம் கொள்வதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். பார்த்திருந்தும், எங்கும் எப்போதும் நடப்பதாலேயே, அது எவ்வளவு பெரிய காரியம் என்று நின்று யோசித்தவர்கள் நம்மில் சிலரே. அந்தச் சுவருக்கு அடியில் தொட்டியில் வளரும் ரோஜாச் செடி அதே அளவுக்கு உலர்ந்துபோயிருந்தால், பிறகு காவிரியையே கொண்டுவந்து பாய்ச்சினாலும் அது தளிர்க்கப் போவதில்லை. பாசிக்கு மட்டும் இந்த வரம் எவ்வாறு கிட்டியது, அந்த வரத்துக்கு எல்லை உண்டா, உண்டென்றால் அது எங்கே இருக்கிறது என்பவற்றைச் சில காலமாகப் படித்தும், பூதக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தும் வருகிறேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றுள் என் மனத்தை மிகவும் ஈர்த்த செய்தி, வறட்சி எத்தனை நீண்டதானாலும் தாங்கிக்கொள்கிற இந்தத் தாவரம், போதாத மழையைத் தாங்க மாட்டாமல் மடிந்துபோகிறது என்பதே. அதைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்; பொறுமையோடு படிக்க வேண்டும்.

குளத்து நீரின் மேல் படரும் வழவழப்பான பச்சைப் படலத்தையும் நாம் பாசி என்றே சொல்கிறோமாயினும், இங்கே நான் பேசுவது சுவரிலும் பாறையிலும் மரப்பட்டையிலும் மெத்தென்று படர்வதும், தாவர நூல்களில் மாஸ் என்று குறிக்கப்படுவதுமாகிய சிறு செடியைப் பற்றித்தான். உலகத்தில் இதில் ஏறத்தாழ 12,000 இனங்கள் இருக்கின்றன. இதற்குத் தண்டு உண்டு, இலை உண்டு, வேர் கிடையாது. வேருக்குப் பதிலாக இருக்கும் மெல்லிய இழைகள், செடியைச் சுவரோடு பற்றவைப்பதையே முக்கியத் தொழிலாகக் கொண்டவை. இலையோ பெரும்பாலான இனங்களில் ஒரே ஒரு செல்லின் கனம் உடையது. மாவிலைக்கும் வாழையிலைக்கும் இருப்பதுபோல நீரைக் காக்கும் தடித்த மெழுகுப் பூச்சும், வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடிக்கொள்ளும் துளைகளும் அந்த இலையில் இல்லை. ஆகவே நீர் அதன் உடம்பெங்கும் தடையின்றி நுழைகிறது. அதே சுலபத்தோடு வெளியேறியும் விடுகிறது.

இப்படித் திறந்த உடம்போடு வெயிலில் இருப்பது என்றால் என்ன என்பதை ஒரு கணக்கால் உணரலாம். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும் ஒரு சாதாரண நாளில், அந்தக் காற்று ஒரு திசுவிலிருந்து நீரை இழுக்கும் விசை, வாயுமண்டல அழுத்தத்தைப் போல் 900 மடங்குக்கும் அதிகமானது. பயிர்கள் மீள முடியாதபடி வாடிப்போகும் எல்லை என்று விவசாய நூல்கள் குறிப்பிடுவது, மண் நீரைப் பற்றிக்கொள்ளும் விசை அதே கணக்கில் சுமார் 15 மடங்கை எட்டும் நிலையைத்தான். நெல்லும் கரும்பும் 15-லேயே தோற்றுப்போக, மதிலின் மேல் இருக்கும் பாசி 900-த்தைச் சந்தித்து, அதனோடு சண்டையிடாமல் தன் நீர் முழுவதையும் கொடுத்துவிட்டு, காற்றோடு சமமாக உலர்ந்துவிடுகிறது. மரங்கள் ஆழமான வேராலும், நீர்க்குழாய்களாலும், மெழுகுப் பூச்சாலும் தம் உள்ளீரத்தைக் காப்பாற்றிக்கொள்ள எத்தனையோ ஏற்பாடுகள் செய்துகொண்டிருக்கின்றன. பாசி அந்த வழியில் போகவே இல்லை. ஈரம் இருக்கும்போது வாழ்வது, இல்லாதபோது வாழ்வை நிறுத்திவைப்பது என்பதே அதன் மார்க்கம்.

நிறுத்திவைப்பது என்று சொன்னேனே, அதில்தான் விசேஷம் எல்லாம் அடங்கியிருக்கிறது. நனைந்த பாசிக் கொத்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது தன் உலர்ந்த எடையைப் போல் பல மடங்கு நீரைத் தாங்கியிருப்பது தெரியும். அந்த நீரில் பெரும்பகுதி செல்களுக்குள் இல்லை, இலைகளுக்கு இடையிலும் தண்டை ஒட்டியும் உள்ள நுண்ணிய இடுக்குகளில் தங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் எக்ஸிடர் சர்வகலாசாலையைச் சேர்ந்த மைக்கேல் புரோக்டர் என்னும் தாவர சாஸ்திரி இந்த வெளி நீரின் முக்கியத்துவத்தைத் தம் ஆராய்ச்சிகளில் வற்புறுத்தினார். வெயில் ஏறும்போது முதலில் ஆவியாவது இந்த வெளி நீர்தான். அது உள்ளவரையில் செல்கள் நிரம்பிய நிலையிலேயே இருந்து தம் தொழிலைக் குறைவின்றிச் செய்துவருகின்றன. அது தீர்ந்ததும் செல்கள் வெகு சீக்கிரத்தில் உலர்ந்துபோகின்றன. அரைகுறையாக வாடி, அவதிப்பட்டுக்கொண்டு நாள் கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலை பாசிக்கு அநேகமாக இல்லை. நிறைவாக இருக்கிறது, அல்லது முழுவதும் உலர்ந்திருக்கிறது.

உலரும்போது இலைகள் அசைவதைப் பார்ப்பதே ஓர் ஆனந்தம். நம் ஊர்ச் சுவர்களில் சாதாரணமாகக் காணப்படும் ஹயோபிலா இன்வொலூட்டா என்னும் பாசி, ஈரம் குறையக் குறையத் தன் இலையின் இரண்டு ஓரங்களையும் உட்புறமாகச் சுருட்டிக்கொள்கிறது. வேறு சில இனங்களில் இலைகள் தண்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு, வெயில் படும் பரப்பைக் குறைத்துவிடுகின்றன. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்திலும் சீனாவின் குர்பாந்துங்குத் பாலைவனத்திலும் வளரும் சின்ட்ரிகியா கனினெர்விஸ் என்னும் இனத்தில் ஒவ்வோர் இலையின் நுனியிலும் ஒரு வெண்மையான முடி நீண்டிருக்கிறது. உலர்ந்து சுருண்ட நிலையில் இந்த முடிகள் ஒன்றுசேர்ந்து வெயிலைப் பிரதிபலிக்கின்றன. பனிக்காலத்து விடியலிலோ, அவற்றின் மேல் உள்ள மிக நுண்ணிய பள்ளங்களும் முட்களும் காற்றிலுள்ள ஈரத்தைத் துளிகளாகத் திரட்டி இலையை நோக்கி அனுப்புகின்றன என்று 2016-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

வெளியே இலை சுருளும்போது உள்ளே நடப்பவை இன்னும் ஆச்சரியமானவை. நீர் வெளியேறிய செல்லில், புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுவதும், செல்லைச் சூழ்ந்த சவ்வுகள் சிதைந்துபோவதுமே இயற்கை. சாதாரணத் தாவரங்கள் மடிவது இதனால்தான். பாசியின் செல்களில் கரும்புச் சர்க்கரையாகிய சுக்ரோஸ் எப்போதும் மிகுதியாக இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அதிகமாகக் கையாண்ட சின்ட்ரிகியா ரூராலிஸ் என்னும் இனத்தில் அது உலர்ந்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. நீர் குறையக் குறைய இந்தச் சர்க்கரைக் கரைசல் படிகமாக உறையாமல் கெட்டிப்பட்டு, செல்லின் உள்ளடக்கம் முழுவதையும் கண்ணாடி நிலை என்று பௌதிக நூலார் கூறும் அசைவற்ற நிலைக்குக் கொண்டுவருகிறது. அந்நிலையில் மூலக்கூறுகள் நகர்வதில்லை. நகராததனால் சிதைவும் வெகு மெதுவாகவே நடக்கிறது. கூடவே லியா புரதங்கள் என்று பெயர்பெற்ற ஒருவகைப் புரதங்கள், மற்றப் புரதங்களுக்கும் சவ்வுகளுக்கும் காவலாக நிற்கின்றன. பச்சையமும் கலைக்கப்படாமல் அப்படியே இருப்பில் வைக்கப்படுகிறது. உலர்ந்த இலையின் மேல் விழும் வெளிச்சம் தீங்கு செய்யாதபடி உஷ்ணமாக மாற்றி வெளியே விடப்படுகிறது. சின்ட்ரிகியாவைப் பொறுத்தவரையில் இந்தக் காவல்களில் பெரும்பாலானவை, வறட்சி வந்த பிறகு அவசரம் அவசரமாகத் தயாரிக்கப்படுபவை அல்ல. மழை பெய்துகொண்டிருக்கும் நாளிலும் அவை ஆயத்தமாகவே இருக்கின்றன. எந்த மத்தியானத்தில் வெயில் வரும் என்று அறியாத ஒரு செடிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு என்ன இருக்க முடியும்?

இவ்வளவு காவல் இருந்தும் சேதம் நேராமல் போவதில்லை. உலர்ந்த செல்லின் மேல் திடீரென்று நீர் படும்போது, கட்டுக்குலைந்த சவ்வுகள் மறுபடி சீராவதற்குள், உள்ளேயுள்ள பொட்டாசியம் முதலிய உப்புக்களும் சர்க்கரையும் வெளியே கசிகின்றன. வறட்சியைத் தாங்காத இனங்களில் இந்தக் கசிவு நிற்பதே இல்லை. செல் அப்படியே வடிந்து மடிகிறது. சின்ட்ரிகியாவில் சில நிமிஷங்களில் கசிவு நின்று, வெளியேறியவற்றில் பெரும்பகுதி மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகிறது. 1970-களின் தொடக்கத்தில் கனடாவில் டெரெக் பியூலி என்பவர், உலர்ந்த பாசியில் புரதம் தயாரிக்கும் கருவிகளாகிய ரைபோசோம்களும், அவற்றுக்குரிய ஆணைகளைத் தாங்கிய ஆர்.என்.ஏ.க்களும் அழியாமல் இருப்பதையும், நீர் பட்ட சில நிமிஷங்களுக்குள் புரதத் தயாரிப்பு மறுபடி தொடங்கிவிடுவதையும் கண்டார். அவருக்குப் பின் இத்துறையில் ஈடுபட்ட மெல்வின் ஆலிவர், நனைந்தவுடன் விசேஷமாகத் தயாராகும் புரதங்களின் தொகுதி ஒன்றைக் கண்டு, அவற்றுக்கு ரீஹைட்ரின் என்று பெயரிட்டார். பழுது பார்ப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. ஒளிச்சேர்க்கைக்குரிய அமைப்புகள் நிமிஷங்களில் விழித்துக்கொள்கின்றன. செல்லின் உட்கட்டமைப்பு முழுவதும் ஒழுங்குக்கு வருவதற்கு ஒரு நாள் அளவும் பிடிக்கலாம். இலை பச்சையானதைக் கண்டதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். செல்லுக்குள் வேலை அப்போதுதான் ஆரம்பமாகிறது.

உலரும் வேகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சில மணி நேரங்களில் மெதுவாக உலர்ந்த பாசி, நனைந்ததும் சுலபமாக மீள்கிறது; மெதுவாக உலரும்போது, பழுது பார்ப்பதற்கு வேண்டிய ஆணைகளை முன்கூட்டியே எழுதிக் கட்டிவைத்துக்கொள்ள அதற்கு அவகாசம் கிடைக்கிறது. விரைவாக உலர்ந்ததோ அதிகமாகக் கசிகிறது, அதிக காலம் கழித்தே சீராகிறது. பாசி தனித்தனியாக நிற்காமல் நெருங்கிய கூட்டமாக வளர்வதன் பயன் இதனால் விளங்கும். கூட்டத்துக்குள் ஈரம் தங்குகிறது. ஈரம் தங்குவதால் உலர்வது தாமதப்படுகிறது. அந்தத் தாமதமே அதற்கு ரக்ஷையாகிறது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள், வெயிலில் காய்ந்த சுவரிலிருந்து நகத்தளவு பாசியை மட்டும் எடுத்து, ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து, பூதக்கண்ணாடியின் கீழ் ஒரே ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். இலைகள் ஒவ்வொன்றாகத் தண்டை விட்டு விலகி விரிவதும், மங்கிய பழுப்பு நிறத்தினூடே பச்சை தோன்றுவதும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கும். நான் பலமுறை பார்த்தும் எனக்கு இதில் சலிப்புத் தோன்றியதில்லை.

உலர்ந்த நிலையில் எவ்வளவு காலம் இருக்க முடியும் என்ற கேள்விக்கு, தாவரக் காட்சியகங்களில் காகித உறைகளுக்குள் வைக்கப்பட்ட பழைய மாதிரிகளே விடை தந்தன. லட்வியாவைச் சேர்ந்த மால்டா என்ற ஆராய்ச்சியாளர், 19 ஆண்டுகள் உலர்ந்து கிடந்த அனோயெக்டாஞ்சியம் இனப் பாசி ஒன்று மீண்டும் துளிர்த்ததை 1921-இல் அறிவித்தார். 20 ஆண்டுகள் உறையில் இருந்த சின்ட்ரிகியா ரூராலிஸ் மறுபடி வளர்ந்ததாக லாயிட் ஸ்டார்க் முதலியோர் 2017-இல் எழுதினார்கள். சின்ட்ரிகியா கனினெர்விஸை −80 டிகிரிக் குளிரில் 5 ஆண்டுகள் வைத்திருந்தும், திரவ நைட்ரஜனில் ஒரு மாதம் வைத்திருந்தும் அது பிழைத்துத் துளிர்த்ததாகச் சீன விஞ்ஞானிகள் 2024-இல் வெளியிட்டிருக்கிறார்கள். இந்தச் சக்தி பாசிக்கு மாத்திரம் உரியதும் அல்ல. ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹுக், கூரைத் தாழ்வாரத்தில் காய்ந்து கிடந்த தூளில் நீர் விட்டபோது அதிலிருந்து நுண்பிராணிகள் உயிர்பெற்று நீந்தியதை 1702-லேயே எழுதிவைத்திருக்கிறார். அத்தகைய சக்கரப் பிராணிகளும், நீர்க்கரடி எனப்படும் டார்டிகிரேடுகளும் பாசிக்குள்ளேயே குடியிருந்து, பாசி உலரும்போது தாமும் உலர்ந்து, அது நனையும்போது தாமும் எழுகின்றன.

இதைவிட நமக்கு நெருங்கிய சம்பந்தம் ஒன்றும் உண்டு. மேலே சொன்ன லியா புரதங்கள் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது பாசியில் அல்ல, பருத்தி விதையில். லியான் டியூர் என்பவர் 1981-இல் அவற்றை விவரித்தார். விதை முற்றும்போது தன் நீரை இழந்து, உயிரை நிறுத்திவைத்து, விதைப்புக் காலம் வரையில் காத்திருக்கிறதே, அந்தக் காத்திருப்பும் சர்க்கரையையும் இத்தகைய புரதங்களையும் கொண்டே நடக்கிறது. நிலத்துக்கு முதன்முதல் ஏறிவந்த ஆதித் தாவரங்களுக்கு உடம்பு முழுவதிலும் இந்தச் சக்தி இருந்திருக்க வேண்டும் என்றும், வேரும் நீர்க்குழாயும் பெற்று உயர்ந்து வளர்ந்த தாவரங்கள் அதை இலையிலும் தண்டிலும் இழந்து, விதையிலும் மகரந்தத்திலும் மட்டும் காப்பாற்றிக்கொண்டன என்றும் விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். நம் குதிரில் இருக்கும் விதைநெல் தன் ஆயுளில் ஒருமுறை செய்யும் காரியத்தை, மதில் மேல் இருக்கும் பாசி இலை ஒரு வாரத்தில் எத்தனையோ தடவை செய்துவிடுகிறது.

எல்லாப் பாசிகளும் இதில் சமமானவை என்று எண்ணிவிடக் கூடாது. ஓடைக் கரையிலும் நிழல் அடர்ந்த சோலையிலும் வாழ்பவை, வெயில் காயும் பாறையில் வாழ்பவற்றை விடப் பொதுவாக மென்மையானவை. பழனி மலைகளின் பாசிகளை ஆராய்ந்து 1961-இல் விரிவான பட்டியல் ஒன்றை வெளியிட்ட பாதிரியார் ஃபோரோ போன்றவர்கள் அந்த மலைகளில் எத்தனை விதமான பாசிகளைச் சேகரித்தார்கள் என்று பார்த்தால், ஒரே மலையில் ஈரத்தின் அளவு இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பதும் தெரியவரும். 2008-இல் மரபுத்தொகுதி வெளியிடப்பட்ட ஃபிஸ்கோமிட்ரியம் பேட்டென்ஸ் என்னும் பாசி நீர்நிலைகளின் ஓரத்துச் சேற்றில் வளர்வது. முன்னறிவிப்பின்றி உலர்த்தினால் மடிந்துவிடும். அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோனை முன்னால் கொடுத்து உலர்த்தினால் அதுவும் தாங்கிக்கொள்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விழித்து எழுவது பாசிக்கு இலவசமாகக் கிடைப்பதில்லை. நீர் பட்டவுடன் அதன் சுவாசம் அதிகரிக்கிறது. பழுதுகளைச் சரிசெய்ய, சேமித்துவைத்த சர்க்கரை செலவாகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. ஒளிச்சேர்க்கை வேகம் பெற்று, அந்தச் செலவை ஈடுசெய்து, அதற்கு மேல் சிறிதாவது சேமிக்கும் கட்டத்தை எட்டுவதற்கு, வெளிச்சத்தோடு கூடிய ஈரம் சில காலமாவது நீடிக்க வேண்டும். அதற்குள் ஈரம் வற்றிவிட்டால், அந்த விழிப்பு நஷ்டத்திலேயே முடிகிறது. உலை கொதிப்பதற்குள் விறகு தீர்ந்து அடுப்பு அணைந்த வீட்டில், விறகும் போயிற்று, சோறும் ஆகவில்லை என்ற நிலைமைதான். ஒருமுறை இப்படி நேர்ந்தால் இருப்பிலிருந்து சமாளித்துக்கொள்ளலாம். மறுபடி மறுபடி நேர்ந்தால் இருப்பே கரைந்துவிடும். கோடையில் இந்த நஷ்டம் இரட்டிப்பாகிறது. உஷ்ணத்தால் சுவாசம் அதிகமாகிறது. அதே உஷ்ணத்தால் ஈரம் சீக்கிரம் போய்விடுகிறது.

இது வெறும் ஊகம் அன்று என்பதை அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தைச் சேர்ந்த கொலராடோ பீடபூமியில் நடந்த பரீட்சை ஒன்று நிரூபித்தது. அங்கே பாலை மண்ணின் மேற்பரப்பைப் பாசியும் லைக்கனும் நீலப்பச்சை நுண்ணுயிர்களும் சேர்ந்து ஒரு மேலோடாகக் கட்டிக் காத்துவருகின்றன. அந்த மேலோடு இல்லாவிட்டால் காற்று மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். ஆராய்ச்சியாளர்கள் சில பகுதிகளில் மண்ணை 2 டிகிரி அளவு சூடாக்கிப் பார்த்தார்கள். சில பகுதிகளில், வருங்காலத்தில் மழை மாறக்கூடிய விதத்தை உத்தேசித்து, கோடையில் ஒவ்வொரு தடவையும் 1.2 மில்லிமீட்டர் மட்டும் வரும்படி அடிக்கடி நீர் தெளித்தார்கள். சூட்டினால் உடனடியாகப் பெரிய கெடுதல் நேரவில்லை. நீர் தெளித்த இடத்தில், நிலப்பரப்பில் ஏறக்குறைய 25 சதவீதத்தை மூடியிருந்த சின்ட்ரிகியா கனினெர்விஸ், ஒரே வளர்பருவத்தில் 2 சதவீதத்துக்கும் கீழே குறைந்துபோயிற்று. பாசி மடிந்ததோடு அம்மண்ணின் நைட்ரஜன் சுழற்சியும் மாறிவிட்டது. சாஷா ரீட் முதலியோர் இந்த முடிவுகளை 2012-இல் வெளியிட்டார்கள்.

இதைப் படித்தபோது என் மனம் வெகுநேரம் அதிலேயே நின்றுவிட்டது. பாலைவனத்துச் செடிக்கு நீர் கொடுத்தார்கள். அந்த நீராலேயே அது மடிந்தது. மாதக்கணக்கான வறட்சியையும், கொதிக்கும் வெயிலையும், உறையவைக்கும் குளிரையும் சர்க்கரையும் புரதமும் கொண்டு வெல்லக் கற்றுக்கொண்ட ஓர் உயிர், அடிக்கடி எழுப்பப்பட்டு ஒவ்வொரு முறையும் உணவின்றித் திருப்பி அனுப்பப்பட்டதனால் மாய்ந்தது. பூமியின் சீதோஷ்ண ஸ்திதி மாறிவருவதைப் பற்றிப் பேசும்போது, ஓர் ஆண்டில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்ற மொத்தக் கணக்கையே நாம் பெரும்பாலும் பார்க்கிறோம். அது எத்தனை தடவையாகப் பிரிந்து, எந்தப் பருவத்தில், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் தங்கும்படி பெய்தது என்பதையும் கேட்க வேண்டும் என்று இந்தச் சிறு செடி நமக்குப் போதிக்கிறது. மொத்தம் குறையாமலே, சில சமயம் கூடியுமே, ஒரு நிலத்தின் உயிர்கள் அழிய முடியும். மழைக் கணக்கை எழுதுகிறவர்களும், மண்வளத்தைப் பேணுகிறவர்களும், காட்டைக் காக்கிறவர்களும் இந்தப் பாடத்தை மனத்தில் கொள்வது அவசியம் என்றே நான் நம்புகிறேன்.

போன்சாய்த் தொட்டியிலும் தோட்டத்துக் கல்லிலும் ஆசையோடு பாசி வளர்க்கிறவர்களுக்கும் இதில் ஒரு யோசனை இருக்கிறது. காய்ந்து கறுத்ததைக் கண்டு இரக்கப்பட்டு, உச்சி வெயிலில் தினந்தோறும் கொஞ்சம் நீர் தெளிப்பது அதற்கு உபகாரம் ஆகாது. நீர் விடுவதானால் அதிகாலையில், நிழலான இடத்தில், பகலில் பல மணி நேரம் ஈரம் தங்கும்படி நன்றாக விடுங்கள். அதற்கு வசதி இல்லாவிட்டால் மழைக்காலம் வரும் வரையில் அதை அப்படியே விட்டுவிடலாம். மதிலிலும் கல்லிலும் வளர்ந்து பழகிய பாசிக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.